ஆணித் துளையும் அட்வான்ஸும்

சென்னையின் தென்புறத்துப் பேட்டை ஒன்றில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் ஆறு வருஷ காலம் குடியிருந்துவிட்டு, சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றியனுப்பிய பின், சாவியை ஒப்படைப்பதற்காகக் காலியான கூடத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது, கீழ்வீட்டிலிருந்து மூச்சு வாங்க மாடியேறி வந்த வீட்டுக்காரர் கூரையையோ தரையையோ பார்க்கவில்லை. கையிலிருந்த டார்ச் விளக்கைச் சுவரோரமாகப் பிடித்துச் சாய்வாகப் பாய்ச்சி, ஆணித் துளைகளை எண்ணத் தொடங்கினார். நேராகப் பாய்ச்சினால் புலப்படாத மேடு பள்ளங்களெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டித் தெரியும் என்பது பெயிண்டர்கள் அறிந்த வித்தை. வீட்டுக்காரரும் அதை எங்கேயோ கற்றிருந்தார். பதினேழு துளைகள் தேறின.

“தம்பி, இவ்வளவும் நீங்க அடிச்சதுதானே?”

“இல்லீங்க சார், இந்த நாலும் நான் வரும்போதே இருந்தது. இதுல உங்க காலண்டரே தொங்கிக்கிட்டு இருந்துச்சே.”

“அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே.”

அவர் பொய் சொன்னதாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நாலு துளைகள் என்று நான் சொன்ன கணக்கும் ஒருவேளை மூன்றாகவோ ஐந்தாகவோ இருந்திருக்கலாம். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, ‘சில்லறை ரிப்பேரு’க்கு இரண்டாயிரம் ரூபாய் என்று பிடித்துக்கொண்டு, மிச்ச அட்வான்ஸுக்குச் செக் எழுதித் தந்தார். சச்சரவு ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு அம்மாள் காப்பிகூடக் கொடுத்தார்கள். ஆனால், ஆறு வருஷம் ஒரு மனிதன் வாழ்ந்த சுவடு ஒரு வீட்டின் சுவரிலும் குழாயிலும் தாழ்ப்பாளிலும் படிந்திருக்குமாயின், அதில் எது அவன் செய்த பிழை, எது காலம் செய்த வேலை என்பதை யார், எந்தப் பிரமாணத்தைக் கொண்டு தீர்மானிப்பது என்ற கேள்வி மட்டும் அன்று முதல் என்னைத் தொடர்ந்து வந்தது. பிற்பாடு சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விசித்திரம் புலனாயிற்று: இந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடை பெரும்பாலும் குடித்தனக்காரருக்குச் சாதகமாக இருக்க, நடைமுறை சொல்லும் விடை ஏறக்குறைய எப்போதுமே வீட்டுக்காரருக்குச் சாதகமாக இருக்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் சட்டத்தின் குறைபாடும் அன்று, வீட்டுக்காரர்களின் பேராசையும் அன்று. பணம் யார் பெட்டியில் இருக்கிறது என்பதும், முதல் நாள் வீடு எப்படி இருந்தது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதுமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-வது பிரிவு, குத்தகை கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் அகர வரிசையில் சொல்லிச் செல்கிறது. உடன்படிக்கையோ ஸ்தல வழக்கமோ வேறு விதமாக இல்லாத பட்சத்தில் மட்டுமே இவை செல்லும் என்பது அதன் பீடிகை. ஆங்கில எழுத்துக்களில் ‘எம்’ என்று குறிக்கப்பட்ட உட்பிரிவுதான் நம் காரியத்துக்கு உயிர்நிலை. குத்தகை முடியும்போது, சொத்தைத் தாம் ஸ்வாதீனம் பெற்ற தினத்தில் அது எந்த ஸ்திதியில் இருந்ததோ அந்த ஸ்திதியில் திருப்பித் தரக் குடித்தனக்காரர் கடமைப்பட்டவர். ஆனால் நியாயமான தேய்மானத்தாலும், தடுக்கவொண்ணாத சக்தியாலும் நேர்ந்த மாறுதல்களுக்கு அவர் பொறுப்பல்லர் என்பது அதன் சாரம். இந்த உட்பிரிவில் மூன்று சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. மூன்றையுமே நாம் அன்றாடம் மறந்துவிடுகிறோம்.

ஒன்று, ‘ஸ்வாதீனம் பெற்ற தினத்து ஸ்திதி’ என்பது. வீட்டைப் புதிதாக்கித் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நல்ல நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. சமையலறைக் குழாய் நான் வரும்போதே சொட்டிக்கொண்டிருந்தால், நான் போகும்போதும் அது சொட்டிக்கொண்டிருப்பதில் சட்ட விரோதம் ஏதும் இல்லை. பத்திரம் எழுதுகிற கடைகளில் காலங்காலமாகப் பிரதி எடுத்து விற்கப்படும் வாடகை ஒப்பந்தத்தில் ‘நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியது’ என்று ஒரு ஷரத்து இருக்கும். அதைச் சட்டத்தின் வாசகத்தோடு வைத்துப் பார்த்தால், ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டுவிட்டது என்பது விளங்கும். அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், ‘சீலிங் ஃபேன் மூன்று, டியூப்லைட் நாலு, கீஸர் ஒன்று’ என்று ஒரு ஜாபிதாவும் இருக்கும். எண்ணிக்கை உண்டு, ஸ்திதி இல்லை. மூன்று ஃபேன்களில் ஒன்று வேகம் மூன்றுக்குமேல் போனால் நடுங்கும் என்றோ, கீஸர் ஏழு வருஷத்துப் பழையது என்றோ ஒரு வரி இராது. பத்திரம் பொருள்களை எண்ணுகிறதே தவிர, அவற்றைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, நியாயமான தேய்மானம். வாடகை எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று யோசித்தால் இந்தச் சொற்றொடரின் நியாயம் தானே விளங்கிவிடும். வீட்டில் மனிதர் வாழ்ந்தால் வீடு தேயும். அந்தத் தேய்மானத்தின் விலை வாடகையிலேயே அடங்கியிருக்கிறது. கூடத்துத் தரையில் வாசலிலிருந்து சமையலறை வரை கால் பட்டுப் பட்டு மெருகு போன தடம், வருஷக்கணக்கில் ஜன்னல் வெயில் பட்டு மஞ்சளித்த சுவிட்ச் பலகை, பீரோவுக்குப் பின்னால் மட்டும் பழைய நிறத்தில் தங்கிவிட்ட நீள்சதுரம், போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகிய குழாய், கடற்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பி, பூஜை மாடத்தில் தினமும் ஏற்றிய விளக்கின் கரிக்கோடு, நிலைப்படியில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த மஞ்சள் குங்குமத்தின் கறை: இவையெல்லாம் யார் குடியிருந்தாலும் வந்தே தீரும். இதற்கு மாறாக, கையிலிருந்து இரும்புச் சட்டி விழுந்து விரிசல் விட்ட வாஷ் பேஸின், பிள்ளைகள் கதவைக் கிரிக்கெட் ஸ்டம்பாக வைத்து விளையாடிப் பிளந்த பலகை, அனுமதியில்லாமல் ஏ.ஸி. வைக்கச் சுவரில் இடித்த ஓட்டை ஆகியவை தேய்மானம் அல்ல, சேதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான பிரதேசம் இருக்கிறது. என் ஆணித் துளைகள் அங்கேதான் வசிக்கின்றன.

இந்த மங்கலான பிரதேசத்தில் தெளிவாக நடக்க முயன்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய 1987-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதிய ஆணை ஒன்று, குடித்தனக்காரர் செய்ய வேண்டிய சிறு பழுதுகளைப் பகுதி பகுதியாக, பொருள் பொருளாக வரிசைப்படுத்துகிறது. அதிலே ஆணித் துளைக்கும் ஓர் இடம் உண்டு: துளைகளின் எண்ணிக்கை, அளவு, அவை இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்துப் பார்த்து, அடைத்தாக வேண்டிய பழுது என்று கருதத்தக்க அளவுக்கு அவை இருந்தால் அடைப்பது குடித்தனக்காரர் பொறுப்பு. படம் மாட்ட நாலு ஆணி அடிப்பது வாழ்க்கை; டைல்ஸில் பன்னிரண்டு ஓட்டை போடுவது வேறு விஷயம். பதினேழு துளைகளைக் கண்டு எங்கள் வீட்டுக்காரரும் உள்ளூர இந்தத் தராசைத்தான் பிடித்தார் போலும். ஆனால் அவர் தராசில் எடைக்கல் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது சங்கதிதான் அநேகமாக எவருக்குமே தெரியாதது. அதே ‘எம்’ உட்பிரிவு, குத்தகைக் காலத்தில் நியாயமான வேளைகளில் வீட்டுக்காரர் உள்ளே வந்து வீட்டின் நிலையைப் பார்வையிடவும், குறை ஏதும் கண்டால் அறிவிப்புக் கொடுக்கவும் இடம் தருகிறது. அந்தக் குறை குடித்தனக்காரராலோ அவருடைய ஆட்களாலோ விளைந்ததாயின், அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் அதைச் சரிசெய்ய வேண்டும். 1882-ஆம் ஆண்டில் இந்தச் சட்டத்தை வரைந்தவர்கள், பழுதைப் பற்றிய பேச்சு வீட்டில் ஆள் வாழும்போதே நடந்தாக வேண்டும், சாவி கைமாறும் கடைசி அரைமணி நேரத்துக்கு அதை ஒத்திப்போடக் கூடாது என்று கருதினார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. எங்கள் ஊரிலோ, ஆறு வருஷத்தில் ஒரு நாளும் மாடிக்கு வராத வீட்டுக்காரர் கடைசி நாளில் டார்ச்சுடன் வருகிறார். அப்படி வராமலிருப்பதே கௌரவமான வீட்டுக்காரருக்கு லக்ஷணம் என்று குடித்தனக்காரர்களாகிய நாமும் மெச்சிக்கொள்கிறோம்.

தடுக்கவொண்ணாத சக்தி என்பதைச் சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையை அடுத்த வீடுகளில் சுவரின் குறுக்கே இழுத்த பழுப்புக் கோடு வருஷக்கணக்கில் இருந்தது. எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் ஓதம் மேலேறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே நேர்ந்தது எதுவும் குடித்தனக்காரரின் கணக்கில் வராது. வெள்ளம், நெருப்பு, புயல் முதலியவற்றால் வீட்டின் முக்கியமான பகுதி நிரந்தரமாகக் குடியிருக்கத் தகாததாகிவிட்டால் குத்தகையே வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமையையும் இதே 108-வது பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது.

குடித்தனக்காரரே மாட்டிய பொருள்கள் விஷயத்திலும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. தாம் பொருத்திய அலமாரித் தட்டு, கீஸர், கொசுவலைச் சட்டம் ஆகியவற்றைக் குத்தகை முடிந்த பிறகுகூட, வீடு தம் ஸ்வாதீனத்தில் இருக்கும் வரையில் அவர் கழற்றிக்கொண்டு போகலாம். சாவியைக் கொடுத்த மறுகணம் அந்த உரிமை போய்விடும். கழற்றினால், வீட்டைத் தாம் பெற்றுக்கொண்ட ஸ்திதியில் விட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்குரூ ஓட்டைக்கு ஒரு சிட்டிகை பட்டி வைத்து அடைப்பது இந்த நிபந்தனையின் பாற்பட்டதேயன்றி, வீட்டுக்காரருக்குச் செய்யும் உபகாரம் அன்று. என் பதினேழில் ஏழெட்டைக் குறித்தாவது நான் வாயடைத்து நிற்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்தச் சில்லறை விவகாரங்களில் காட்டிய சிரத்தை நம்மை வியக்க வைக்கும். 1890-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ப்ரௌட்ஃபுட் எதிர் ஹார்ட் என்ற வழக்கில், வீட்டை நல்ல நிலையில் ஒப்படைப்பதாக எழுதிக்கொடுத்த குடித்தனக்காரர் எவ்வளவு தூரம் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, வீட்டின் வயது, தன்மை, அது இருக்கும் பேட்டை ஆகியவற்றை உத்தேசித்து, அத்தகைய வீட்டில் குடிவரக்கூடிய நியாயமான மனிதர் ஏற்றுக்கொள்ளும் அளவே போதும் என்று நீதிபதிகள் கருதினார்கள். லண்டனின் சீமான்கள் வாழும் சதுக்கத்து வீட்டுக்குரிய அளவுகோலை ஏழை நெசவாளர் பேட்டை வீட்டுக்கு வைக்கலாகாது என்றார்கள். 1953-இல் வாரன் எதிர் கீன் என்ற வழக்கில் டென்னிங் பிரபு, குடித்தனக்காரராக இருப்பவர் செய்ய வேண்டிய சின்னச் சின்னக் காரியங்களைச் சொன்னார்: மின்விளக்கு ஃபியூஸ் போனால் போட வேண்டும், தம் கழிவால் அடைத்துக்கொண்ட தொட்டியைத் தாமே திறந்துவிட வேண்டும், குளிர்காலத்தில் ஊருக்குப் போவதானால் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும், இதற்குமேல், வயதினாலும் தேய்மானத்தினாலும் வீடு பழுதாவதற்கு அவர் பொறுப்பல்லர். நம் ஊர்ப் பாட்டிமார்கள் ‘குடியிருக்கிற வீட்டைக் கண்ணாகப் பார்த்துக்கணும்’ என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சட்ட வியாக்கியானம் எனக்குத் தெரியாது.

ஆயினும், தேய்மானம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. 1928-இல் ஹாஸ்கல் எதிர் மார்லோ என்ற வழக்கில் நீதிபதி டால்பட் எடுத்துக்காட்டிய கூரையோட்டு உவமை இன்றும் செல்லுபடியாவது. காற்றாலும் காலத்தாலும் கூரையிலிருந்து ஓர் ஓடு நழுவினால் அது தேய்மானம். அதற்குக் குடித்தனக்காரர் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஓட்டை வழியாக மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, உத்திரமும் தரையும் உளுத்துப்போக விட்டால், அந்தப் பின்விளைவுக்கு அவர் பொறுப்பாளி. பிரபுக்கள் சபையும் பின்னர் இந்தக் கருத்தையே சரியென்று ஏற்றது. ஓட்டுக்குப் பதிலாக நம் குளியலறைக் குழாயை வைத்துப் பாருங்கள். உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் நைந்து போவது காலத்தின் செயல். கடையில் அதன் விலை ஒரு காப்பியின் விலைக்குக் கீழே. அதை மாற்றச் சோம்பியதால் சொட்டிய தண்ணீர் கதவின் அடிப்பலகையை ஊறவைத்து, பிளைவுட்டு ஏடு ஏடாகப் பிரிந்து, கடைசியில் கதவையே மாற்ற நேர்ந்தால், காலத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரைநூற்றாண்டுக்கு மேல் இங்கே ஆட்சி செய்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கலாகாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதே காலத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பால் காய்ச்சுவதைப் போல ஒரு சம்பிரதாயமாகவே ஊன்றிவிட்டது என்பதை இந்நகரில் வீடு தேடிய எவரும் அறிவர். விதியும் வழக்கமும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே தெருவில் குடியிருந்தன. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது என்ற நீண்ட பெயருடன், பழைய சட்டத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது பொது அளவு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அது திருப்பித் தரப்பட வேண்டும் என்பவை அதன் முக்கியமான ஏற்பாடுகள்.

நம் விஷயத்துக்கு அதன் இரண்டாவது அட்டவணை ஒரு புதையல். குழாய் வாஷரையும் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய பெருமை அதற்கு உண்டு. கட்டட அமைப்பைச் சேர்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை வீட்டுக்காரரின் பங்கு. வாஷரும் குழாயும், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ் பேஸின், கீஸர், சுவிட்ச், பிளக், சமையலறைச் சாதனங்கள், கதவு அலமாரிகளின் பூட்டும் கைப்பிடியும், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, தாம் அனுபவிக்கும் தோட்டம் ஆகியவற்றின் சில்லறைப் பழுதுகள் குடித்தனக்காரரின் பங்கு. தம் பங்கைக் குடித்தனக்காரர் செய்ய மறுத்தால் வீட்டுக்காரர் செய்துவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் மறுத்தால் குடித்தனக்காரர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் படித்த வீட்டுக்காரர் ஒருவர், ‘கீஸர் உங்கள் பங்கில்தானே இருக்கிறது, அது எரியவில்லை, ஆகவே புதுக் கீஸர் வைத்துவிட்டுப் போங்கள்’ என்று கேட்கக்கூடும். அது சரியான வாசிப்பு அன்று என்பது என் துணிபு. குடியிருக்கும் காலத்தில் இன்ன பொருளை ஓடும் நிலையில் வைத்துக்கொள்ளும் வேலை யாருடையது என்பதைத்தான் அட்டவணை சொல்கிறது. சாதாரணத் தேய்மானம் நீங்கலாக, வந்த நாளின் நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்ற மூல விதி அதற்கு மேலே நிற்கிறது. ஏழு வருஷத்துப் பழைய கீஸரைப் பெற்றுக்கொண்டவர், அதை ஆறு வருஷம் பராமரித்து உபயோகித்து, பதின்மூன்று வயதில் அது உயிரை விட்டால், புதியதொன்றை ஈந்துவிட்டுப் போக வேண்டியதில்லை. எலிமெண்டு எரிந்துபோனதை மாற்றாமல் இரண்டு வருஷம் கிடப்பில் போட்டிருந்தாரானால், அந்த எலிமெண்டின் விலையைக் கேட்பதில் நியாயம் உண்டு.

இதைவிட ருசிகரமானது வெள்ளையடிப்பு. அட்டவணையில் அது வீட்டுக்காரரின் பங்கில் இருக்க, நடைமுறையில் குடித்தனக்காரரின் அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகை அதற்கென்று பிடிக்கப்படுகிறது. சுண்ணாம்பு காலத்தில் தோன்றிய வழக்கம் இது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் சேர்த்து, தென்னை மட்டையைத் தட்டிச் செய்த மட்டையால் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீடுகளில் ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது ஒரு கை அடிப்பது அற்பச் செலவு. இப்போது பட்டி, பிரைமர், இரண்டு கை எமல்ஷன் என்று வந்துவிட்ட பிறகு செலவு பெருகியது, வாடகையும் பெருகியது, ‘ஒரு மாசம் பெயிண்டுக்கு’ என்ற மாமூல் மட்டும் அப்படியே நின்றது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஷரத்து எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அட்டவணை அதைத் தடுக்காது. ஏனெனில் உடன்படிக்கையில் வேறு விதமாகப் பேசிக்கொள்ள இடம் இருக்கிறது. எழுதாமல் வெறும் மாமூல் என்று பிடித்தாலோ, அது ஸ்தல வழக்கம் என்று வாதிக்க வேண்டியிருக்கும். எழுதப்பட்ட சட்டத்தின் எதிரே அந்த வாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது சந்தேகமே.

எழுதிய ஷரத்துக்கும் ஓர் இடர் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, உடன்படிக்கையை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடே கிடைக்கும் என்கிறது. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்திற்று: நஷ்டமே நேராதபோது நஷ்டஈடு இல்லை; நஷ்டத்தை ருசுப்படுத்தக் கூடுமானால் ருசுப்படுத்தியாக வேண்டும். பெயிண்டரின் பில் ருசுப்படுத்த முடியாத பொருள் அன்று. ஒரு மாதப் பிடித்தம் என்பது அபராதமா, அல்லது வாடகையின் ஒரு பகுதியாகப் பேசிக்கொண்ட விலையா என்று வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் கேட்பார்; கேள்வியில் சாரம் இல்லாமலில்லை. விலை என்று கொண்டால், நான் ஆறு மாதத்தில் காலி செய்தாலும் ஆறு வருஷத்தில் காலி செய்தாலும் அதே தொகைதான். மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு ஆறு வருஷம் இருந்தவர் கொடுத்த மொத்தம் 10,80,000 ரூபாய். அதற்குமேல் 15,000 ரூபாய் பெயிண்டுக்குப் போவது பெரிய பாரம் அன்று. ஆறு மாதம் இருந்தவர் கொடுத்ததோ 90,000. அவருக்கு அதே 15,000 ஆறில் ஒரு பங்கு. இத்தனைக்கும், ஆறு மாதத்தில் போனவரின் சுவருக்குப் பெயிண்டு தேவையே இருந்திராது. ஆறு வருஷம் ஆன சுவருக்கோ, யார் குடியிருந்தாலும் வீட்டுக்காரர் எப்படியும் அடித்தாக வேண்டியதுதான். மாமூல் இரண்டு பேர் விஷயத்திலும் தவறான இடத்திலேயே போய் விழுகிறது.

இவ்வளவு சட்டமும் கையில் இருந்தும் நான் ஏன் அந்தச் செக்கை வாங்கிக்கொண்டு வந்தேன்? சாட்சியச் சட்டத்தின் பழைய விதி, ஒரு சங்கதியை வைத்துப் பரிகாரம் கேட்பவரே அந்தச் சங்கதியை ருசுப்படுத்த வேண்டும் என்பது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த விதி மாறவில்லை. அதன்படி, பதினேழு துளைகளும் என்னுடையவை என்று சொல்லும் வீட்டுக்காரரே அதை நிலைநாட்ட வேண்டும். ஆனால் அவர் எங்கேயும் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை. பணம் அவர் கையில் இருக்கிறது. கழித்துக்கொண்டால் காரியம் முடிந்தது. வாடகை அதிகாரியையோ வாடகை நீதிமன்றத்தையோ தேடிப் போய் மனுக்கொடுக்க வேண்டியவன் நான். பதினேழாயிரம் ரூபாய்க்காக, வேறு பேட்டையில் வேறு வீட்டில் குடியேறிவிட்ட மனிதன் எத்தனை முறை லீவு போட்டு அலைவான்? சட்டம் வீட்டுக்காரர்மேல் வைத்த ருசுவின் சுமையை, அட்வான்ஸ் சத்தமில்லாமல் தூக்கிக் குடித்தனக்காரர்மேல் வைத்துவிடுகிறது.

இதைச் சில தேசங்கள் கண்டுகொண்டு, பணத்தையே இடம் மாற்றிவிட்டன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1977 முதல் இந்த ஜாமீன் தொகையை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அரசாங்க வாரியம் இருக்கிறது. இங்கிலாந்தில், 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி 2007 ஏப்ரல் முதல், வீட்டுக்காரர் வாங்கும் தொகை அங்கீகாரம் பெற்ற திட்டம் ஒன்றின் பாதுகாப்புக்குள் வந்தாக வேண்டும். தகராறு வந்தால் அதன் நடுவர், வந்த நாள் அறிக்கையையும் போன நாள் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். கழிக்க வேண்டும் என்பவரே ஆதாரம் காட்ட வேண்டும். பழைய கம்பளத்துக்குப் புதுக் கம்பளத்தின் விலையும் கிடைக்காது.

பிரெஞ்சு முறை வேறொரு கோணத்தில் வருகிறது. 1804-ஆம் ஆண்டின் அவர்களுடைய சிவில் சட்டத் தொகுப்பு, நம் புதுச்சேரியிலும் பிரெஞ்சு ஆட்சியில் வழங்கியது. அதன் 1731-வது பிரிவின்படி, குடிபுகும்போது வீட்டின் நிலையைக் குறித்து அறிக்கை எழுதப்படாவிட்டால், குடித்தனக்காரர் வீட்டை நல்ல நிலையிலேயே பெற்றதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படியில்லை என்று காட்டும் பாரம் அவருடையது. கடுமையான விதிதான். ஆனால் அந்தக் கடுமையாலேயே, சாவி வாங்கும் நாளில் அறை அறையாக நடந்து அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது அங்கே பழக்கமாக வேரூன்றிவிட்டது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமும் ஆக்கியது. இரண்டு அறிக்கைகளும் ஒத்திருந்தால் ஒரு மாதத்துக்குள்ளும், வித்தியாசம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். நம் சட்டம் குடித்தனக்காரருக்கு அனுகூலமாக மௌனமாயிருந்தது. அந்த மௌனத்தின் பலனாக எவரும் எதையும் எழுதவில்லை. எழுதாததால் ஞாபகத்துக்கும் ஞாபகத்துக்கும் நடக்கும் வழக்கில், பெட்டியில் பணம் வைத்திருப்பவரின் ஞாபகம் ஜெயிக்கிறது. அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொள்ள இங்கே ஒரு பொது வாரியம் வரும் நாளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு தாளில் ஓர் அறிக்கை எழுத வாரியம் எதுவும் வேண்டாம். செல்போனில் நூறு படம் எடுப்பதைவிட அது நல்லது, ஏனெனில் படத்தில் குழாய் சொட்டுவது தெரியாது, அதில் இரண்டு பேர் கையெழுத்தும் இராது.

இப்போது இருக்கும் வீட்டுக்கு நாங்கள் வந்த அன்று, பால் காய்ச்சி முடித்த கையோடு, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் எழுதத் தொடங்கினேன். ‘கூடம்: சுவரில் ஆணித் துளை ஐந்து, கிழக்கு ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில் விரல் நீள விரிசல். குளியலறை: குழாய் சொட்டுகிறது, கதவின் அடிப்பலகை ஊறியிருக்கிறது. சமையலறை: கடப்பைக் கல்லின் இடது மூலை உடைந்திருக்கிறது.’ வீட்டுக்கார அம்மாள், எழுபதைத் தாண்டியவர், வாசற்படியில் நின்று சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எதுக்கு சார் இதெல்லாம் எழுதுறீங்க? நாம என்ன கோர்ட்டுக்கா போகப் போறோம்?”

“போகக் கூடாதுன்னுதாம்மா எழுதுறேன். நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பார்த்து, கீழ கையெழுத்துப் போடணும்.”

மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். குளியலறைக் குழாய்க்கு நாளைக்கே பிளம்பரை அனுப்புவதாகச் சொன்னார். ஜன்னல் விரிசலை எழுந்துபோய் நேரில் பார்த்துவிட்டு வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியபோது, கடைசி வரிக்குக் கீழே இன்னும் இடம் இருப்பதைக் கண்டு, நடுங்கும் எழுத்தில் தாமே ஒரு வரி சேர்த்தார்: ‘மோட்டார் புதுசு. போட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது.’